நாலு பேய், ஒரே டிக்கெட்

சின்ன பட்ஜெட்டில் எடுக்கிற 'அந்தாலஜி' பேய்ப்படங்களுக்கு விமர்சனம் எழுதுவது ரொம்ப சுலபம். படம்கூட பார்க்க வேண்டாம். "மொத்தம் அஞ்சு கதை. ரெண்டு சூப்பர், ஒண்ணு பரவாயில்லை, ரெண்டு மொக்கை" என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் :-)

கூடவே ஒரு வரி சேர்ப்பார்கள். "காசில்லாம எடுத்தா இப்படித்தான் இருக்கும்." இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இந்த வகைப் படங்களுக்குக் காசில்லாதது நோயே கிடையாது. பல சமயம் அதுதான் மருந்து. நோய் வேற இடத்தில் இருக்கு. கதைகளைக் கோர்க்கிற கயிறில்.

(முன்னெச்சரிக்கை: சில பழைய படங்களின் முடிவை கீழே போட்டு உடைத்திருக்கிறேன்.)

முதலில் பலம். பேய்க்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேய் மறுபடி செத்துப்போகும். ரெண்டரை மணி நேரப் படத்துக்கு வேறு வழியில்லை. பேய் யார், ஏன் வந்தது, ஃப்ளாஷ்பேக்கில் யார் கொன்றார்கள், எந்தச் சாமியார் ஓட்டுவார் என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். இருபது நிமிஷக் கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. பயமுறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம்.

1975-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக டான் கர்ட்டிஸ் எடுத்த 'ட்ரிலஜி ஆஃப் டெரர்' ஞாபகமிருக்கா? மூன்று கதை, மூன்றிலும் கேரன் பிளாக்தான் நாயகி. முதல் ரெண்டு கதையைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. மூன்றாவதை மறந்தவர் யாருமில்லை. ஒரு அபார்ட்மெண்ட், ஒரு பெண், கையில் ஈட்டி வைத்த ஒரு குட்டி மரப்பொம்மை. ரிச்சர்ட் மாதிசனின் சிறுகதை அது. பொம்மை சோஃபாவுக்கு அடியில் ஓடுகிற சத்தத்துக்கு என்ன செலவாகியிருக்கும்?

இத்தாலியில் மரியோ பாவா 1963-ல் எடுத்த 'பிளாக் சப்பாத்' இன்னொரு பாடம். (அந்த ராக் இசைக்குழு பெயரை எடுத்துக்கொண்டது இந்தப் படத்திலிருந்துதான்.) அதில் ஒரு கதை: செத்துப்போன கிழவியின் விரலிலிருந்து நர்ஸ் ஒருத்தி மோதிரத்தை உருவிக்கொண்டு வருகிறாள். வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுகிறது. சொட்... சொட்... அவ்வளவுதான் பேய். இத்தாலியப் பதிப்பின் கடைசியில் போரிஸ் கார்லஃப் குதிரையில் பாய்ந்து போகிறார். கேமரா பின்னால் நகர்ந்தால், அது பொம்மைக் குதிரை. சுற்றிலும் ஆட்கள் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு வட்டமாக ஓடுகிறார்கள். "இவ்வளவுதான்யா எங்ககிட்ட இருந்தது, ஆனா பயந்தீங்கல்ல?" என்று கேட்கிற மாதிரி இருக்கும். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் கதைகளின் வரிசையை மாற்றி, இந்த முடிவையும் தூக்கிவிட்டார்கள். புண்ணியவான்கள்.

சிக்கனத்தை ஒரு தொழிலாகவே செய்தது இங்கிலாந்தின் அமிகஸ் நிறுவனம். நடத்தியவர்கள் மில்டன் சுபாட்ஸ்கி, மாக்ஸ் ரோசன்பெர்க் என்ற ரெண்டு அமெரிக்கர்கள். 1965-ல் 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' தொடங்கி 1974-ல் வந்த 'ஃப்ரம் பியாண்ட் தி கிரேவ்' வரை ஏழு அந்தாலஜிப் படங்கள். ஒவ்வொரு கதையையும் தனித்தனியாகப் படம்பிடிப்பதால் பெரிய நடிகருக்குச் சில நாள் சம்பளம் கொடுத்தால் போதும். போஸ்டரில் அஞ்சாறு பெரிய தலைகள் வந்துவிடும். கணக்குப் பிள்ளை மூளை!

அந்த மூளையிலிருந்துதான் 1972-ன் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' வந்தது. அதன் கடைசிக் கதையில் பார்வையற்றோர் இல்லத்துக்குப் புது நிர்வாகி வருகிறார். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று சாப்பாட்டிலும் கணப்பிலும் கை வைக்கிறார். தான் மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறார், கூடவே அவருடைய நாயும். அங்கே இருப்பவர்கள் பலகை அடித்து ஒரு குறுகலான நடைவழி கட்டுகிறார்கள். ரெண்டு பக்கமும் பிளேடு. அந்தப் பக்கம் பட்டினி போட்ட நாய். பிறகு விளக்கை அணைக்கிறார்கள். பலகை, பிளேடு, இருட்டு. கோடி ரூபாய் கிராஃபிக்ஸ் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

நிற்க. இப்போ பலவீனத்துக்கு வருவோம்.

எல்லோரும் சொல்வது, கதைகள் சமமாக இல்லை என்று. இருக்கட்டுமே! கல்யாணப் பந்தியில் எல்லாமே பாயசமா? 1945-ல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்' இந்த வகைக்கே தாத்தா. அதில் கோல்ஃப் ஆடுகிற ரெண்டு பேர் வருகிற காமெடிப் பேய்க்கதைதான் பலவீனமானது என்பார்கள். அமெரிக்க விநியோகத்தில் அதையும், ஒரு கிறிஸ்துமஸ் கதையையும் வெட்டி எறிந்தார்கள். என்ன ஆச்சு? கடைசியில் எல்லாக் கதைகளும் ஒன்றுக்குள் ஒன்று குழம்பி நாயகனைச் சூழ்கிற கட்டம் வரும். வெட்டப்பட்ட கதைகளின் ஆட்களும் அதில் வருவார்கள். அமெரிக்கக்காரன் "யார்ரா இவங்கல்லாம்?" என்று முழித்திருப்பான். சப்பையான கதை என்று நினைத்தது வீட்டின் ஒரு தூணாக இருந்திருக்கிறது.

உண்மையான பலவீனம் ரெண்டு. ஒன்று, எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடிவது. தப்பு செய்தவன், தண்டனை, கடைசி நிமிஷ அதிர்ச்சி. முதல் கதையில் தூக்கிவாரிப் போடும். மூன்றாவது கதையில் நாம் வாட்சைப் பார்க்கிறோம். "சரி, இன்னும் ரெண்டு நிமிஷத்துல இவன் காலி." அமிகஸ்காரர்களே இதில் மாட்டிக்கொண்டார்கள். 'டாக்டர் டெரர்ஸ்' ரயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஏற்கனவே செத்தவர்கள். 'கிரிப்ட்'டில் குகைக்குள் நிற்பவர்களும் செத்தவர்கள். 1973-ல் 'வால்ட் ஆஃப் ஹாரர்' வந்தது, அங்கே லிஃப்டில் இறங்கியவர்களும்... நீங்களே சொல்லிட்டீங்க.

ரெண்டாவது, கதைகளைக் கோர்க்கிற வெளிக்கதையை ரப்பர் பேண்ட் மாதிரி நினைப்பது. 2012-ல் வந்த 'வி/எச்/எஸ்' படத்தில் ஒரு திருட்டுக் கும்பல் செத்த மனுஷன் வீட்டில் வீடியோ கேசட்டாகப் போட்டுப் பார்க்கிறது. அதில் ஒரு கதை முழுக்க இணைய வீடியோ அரட்டை. அது எப்படி கேசட்டுக்கு வந்தது? யாருக்கும் கவலையில்லை. கடைசிக் கதைக்கு முன்பே வெளிக்கதை முடிந்துவிடும். அப்புறம் அந்தக் கேசட்டை யார் பார்க்கிறார்கள்? அதற்கும் பதில் கிடையாது.

இதையே 1972-ல் 'அசைலம்' எப்படிச் செய்தது பாருங்க. மனநலக் காப்பகத்துக்கு வேலை தேடி ஒரு இளம் டாக்டர் வருகிறார். அங்கே ஏற்கனவே டாக்டராக இருந்த ஒருவரே இப்போது நோயாளி. உள்ளே இருப்பவர்களின் கதைகளைக் கேட்டு, அந்த டாக்டர் யார் என்று சொன்னால் வேலை. சைக்கோ நாவலாசிரியர் ராபர்ட் பிளாக் எழுதியது. அந்த ஒரு கேள்வியால் ஒவ்வொரு கதையையும் சந்தேகத்தோடு கேட்கிறோம். ஒரு பைசா செலவில்லாமல் நாலு கதைக்கும் ரெட்டை வேலை!

'ஃப்ரம் பியாண்ட் தி கிரேவ்' இன்னும் ஒரு படி மேலே. பீட்டர் குஷிங் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். அவரை ஏமாற்றிப் பொருள் வாங்குபவனுக்கு அதோகதி. ஆனால் கடைசியில் ஒருவன் நேர்மையாகக் காசு கொடுக்கிறான், பிழைக்கிறான். ஒருத்தன் பிழைக்கலாம் என்று தெரிந்தால்தானே அடுத்தவனுக்காக நாம் பயப்படுவோம்? எல்லோரும் சாவது உறுதி என்றால் அது பயமில்லை, வெறும் அட்டவணை.

அட்டவணை என்றதும் 2012-ன் 'தி ஏபிசிஸ் ஆஃப் டெத்' ஞாபகம் வருது. 26 எழுத்து, 26 கதை, கதைக்குச் சுமார் 5,000 டாலர், முழு சுதந்திரம். 'டி'க்கு வருகிற நாய்ச்சண்டைக் கதை வசனமே இல்லாமல் மிரட்டும். 'டாய்லெட்' களிமண் பொம்மைக் கதை போட்டியில் ஜெயித்து உள்ளே வந்தது. ஆனால் படமாகப் பார்த்தால், பத்தாவது எழுத்துக்கு மேல் மூச்சு வாங்குது. பணம் பத்தாததால் அல்ல. யாரும் யாருடைய கதையையும் பார்த்துத் தன் கதையை மாற்றிக்கொள்ளவில்லை.

இதைப் பற்றி ஏன் இவ்வளவு புலம்பல் என்றால், புது ஆட்கள் உள்ளே நுழையும் வாசல் இதுதான். 'வி/எச்/எஸ்' எடுத்தவர்களில் ஆடம் விங்கார்ட் 2021-ல் 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' வரை போனார். அதே படத்தின் 'ரேடியோ சைலன்ஸ்' குழுவைச் சேர்ந்தவர்கள் 2022-ல் 'ஸ்க்ரீம்' எடுத்தார்கள். நம்மூரிலும் குறும்படத்திலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் 'பீட்சா' என்ற சின்ன பட்ஜெட் பேய்ப்படத்தில்தான் கால் பதித்தார். குறும்படக்காரர்களுக்கும் பேய்க்கும் நல்ல ராசி. ஆனால் அந்தாலஜியில் ஒரு கொடுமை உண்டு. நீங்க உயிரைக் கொடுத்து எடுத்த இருபது நிமிஷம், எவனோ அலட்சியமாகக் கட்டிய கயிறில் தொங்கும். கயிறு அறுந்தால் சேர்ந்து விழணும். "ரெண்டு மொக்கை" என்று ஒரே வரியில் கணக்கு முடிந்துவிடும்.

அதனால் நாலு நண்பர்கள் சேர்ந்து பேய்ப்படம் எடுக்கக் கிளம்பினால் என் ஆலோசனை இவ்வளவுதான். வெளிக்கதையை முதலில் எழுதுங்க, கடைசியில் ஒட்டாதீங்க. நாலு கதைக்கு மேல் வேண்டாம். நாலு பேரும் மற்ற மூணு ஸ்கிரிப்டையும் படிங்க. முடிவு ஒரே மாதிரி இருந்தால் சண்டை போட்டாவது மாத்துங்க. ஒரு கதையிலாவது ஒருத்தனைப் பிழைக்க விடுங்க. இதில் எதற்கும் தயாரிப்பாளரிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

பி.கு: ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கு என்பவர்கள் 'அசைலம்' பாருங்க. கடைசி அஞ்சு நிமிஷத்தை மட்டும் நான் போட்டு உடைக்கலை :-)