படுகளத்து ஞாயிறு: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்



செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் ஆகிய சுற்றுப்புறங்களில் பிறந்து, திரௌபதி அம்மன் கோயில் வாசலில் தாயின் மடியிலே தலைவைத்துத் தூங்கியும் மத்தளச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு விழித்தும் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களாகிய நாங்கள், ஆசிரியர்களும் நெசவாளரும் விவசாயிகளும் கடைக்காரரும் சர்க்கார் உத்தியோகஸ்தருமாகச் சிலர் ஒன்றுகூடி யோசித்ததன் பேரில், இந்த விண்ணப்பத்தை உங்கள் முன் சமர்ப்பிக்கிறோம். பணம் கேட்டு வரவில்லை. உங்கள் ஊரில் பாரத விழா வைக்கும் வருஷத்தில், துரியோதனன் வீழும் படுகளம் நடக்கும் அந்த ஒரு விடுமுறை நாளை, அதன் முந்திய இரவோடு சேர்த்து, முழுமையாக ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

தலைக்கட்டு வரி என்பது நம் கிராமங்களில் நெடுநாளைய ஏற்பாடு. கலியாணமாகித் தனி அடுப்பு மூட்டிய ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிட்டு, இந்த வருஷம் இன்ன தொகை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வசூலித்து, அதைக் கொண்டே பாரதப் பிரசங்கியாருக்குச் சம்பாவனையும், வெற்றிலை பாக்கு வைத்துப் பேசிவிட்டு வந்த ஜமா எனும் கூத்துக் குழுவுக்குக் கூத்துப் பணமும் கொடுத்து வருகிறோம். அந்த வரி இன்றும் குறைவில்லாமல் வருகிறது. சென்னையில் குடியேறிவிட்டவர்களும், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளும், இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள்; அதற்காக அவர்களை வாழ்த்துகிறோம். ஆனால், வரியைக் கொடுத்த தலைக்கட்டு கூத்து நடக்கும் இரவில் களரி எனும் ஆட்டக்களத்தின் முன் வந்து உட்காருவதில்லை என்பதே எங்கள் விசனம். வயதான சிலரும், உறக்கம் கலையாத சில குழந்தைகளும், வேர்க்கடலை விற்பவரும் மட்டுமே எதிரில் இருக்க, துரியோதன வேஷக்காரர் தர்பாருக்குள் பிரவேசிப்பதை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

கூத்து என்பது ஒரு முழு இரவின் கலை. இரவு ஒன்பது, பத்து மணிக்கு மிருதங்கமும் டோலக்கும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒன்றுகூடிக் களரி கட்டி, கட்டியங்காரன் வந்து சபையோரை வணங்கி, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்க, கிரீடமும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் பூண்ட கட்டை வேஷம் அத்திரையை விலக்கிக்கொண்டு கிறுகிறுவெனச் சுழன்று வெளிப்படும்போது, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த அந்த அணிகள் விளக்கொளியில் ஜொலிப்பதைப் பார்த்தவர் யாரும் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். ஆயினும் கூத்தின் உயிர் அந்த ஜொலிப்போடு முடிந்துவிடுவதில்லை. நடுநிசிக்கு மேல்தான் அது மெல்ல மெல்லத் திறந்துகொள்கிறது. கர்ண மோட்சத்தில், போருக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற வருகிற கட்டத்தை எண்ணிப் பாருங்கள். பிறப்பைச் சொல்லிப் புருஷனை இகழ்ந்தவள், அவன் திரும்பி வரமாட்டான் என்று உணர்ந்து கலங்குகிற அந்தக் காட்சியை, விருத்தமும் தருவும் வசனமுமாக, ஒரே சொல்லைப் பலவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடி ஆட்டக்காரர்கள் விஸ்தரிக்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த விஸ்தாரத்துக்கு அவகாசம் வேண்டும். எதிரில் விழித்திருக்கும் முகங்களும் வேண்டும்.

இப்போதோ, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள் என்று ஜமா வாத்தியாரிடம் சொல்வது சகஜமாகிவிட்டது. அவரும் எதிரே ஜனம் இல்லாததைப் பார்த்து, மனமில்லாமல் சம்மதிக்கிறார். குறைக்கும்போது முதலில் போவது போர்க்கட்டமல்ல, பொன்னுருவிதான். மிஞ்சுவது வெறும் வாளும் குதிப்பும். கூத்து இரைச்சலாக இருக்கிறது, அதில் ரசம் இல்லை என்று சொல்லும் இளைஞர்களை நாங்கள் குறை கூறமாட்டோம். ரசம் இருந்த பகுதியை அவர்கள் பார்க்கவே இல்லை.

இக்கலையின் மகத்துவத்தை உணர்ந்தவர்கள் தூரதேசங்களிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிச் சீமையில் தங்கி, திரௌபதி வழிபாட்டைக் குறித்து 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990-ல் வந்தது. 1977-ல் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்த ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு, நமக்கென்று ஒரு நாடக மரபு உண்டு என்று பட்டணத்துக்கு எடுத்துச் சொன்னவர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் தொடங்கிய கூத்துக் குருகுலத்தில், அதுவரை பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்த இக்கூத்தைப் பெண் குழந்தைகளும் கற்றுக் கட்டை கட்டி ஆடினார்கள். இத்தனை பேர் தேடி வந்த பொருள் நம் வீட்டுத் திண்ணைக்கு எதிரே இருக்கிறது. நாமோ கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறோம்.

இனிப் படுகளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளியூரில் உத்தியோகம் பார்ப்போரின் சௌகரியத்தைக் கருதியே பல ஊர்களில் அதை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கிறார்கள். இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடிய வீமனும் துரியோதனனும் வேஷம் கலைக்காமல், வெயில் ஏற ஏற, தரையில் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான மண் துரியோதனனைச் சுற்றி ஓடிப் பொருது, தொடை பிளந்ததும், துகில் உரிந்த இரவில் சபதம் செய்து விரித்த கூந்தலைத் திரௌபதி முடிந்துகொள்கிறாள்; மாலையில் தீமிதி. அந்த மண் உருவம் தானாக எழுந்துவிடுவதில்லை. வண்டி வண்டியாக மண் அடித்து, தண்ணீர் சுமந்து, மிதித்துக் குழைத்து, கையும் காலும் முகமும் பிடித்து, வர்ணம் பூச வேண்டும். முன்பு இதற்கு ஊரே திரளும். இப்போது சில வயோதிகர்கள் முதுகு வளைத்துச் செய்கிறார்கள், அல்லது கூலிக்கு ஆள் வைக்கிறோம். பொங்கல் பானை தூக்குவதற்கும், நீர்மோர் பந்தலில் நிற்பதற்கும், தீக்குழிக்கு விறகு அடுக்குவதற்கும் இதே கஷ்டம். முதல் நாள் மண்ணில் கால் வைத்து மிதிக்கிற சிறுவன், மறுநாள் அந்த உருவத்தின் மேல் வீமன் ஏறும்போது, அதைத் தன்னுடையதாகவே பார்ப்பான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எல்லாத் தெருவாரும் வந்து சமமாக அமர முடியாத கூத்தை ஊர்க்கூத்து என்று சொல்ல எங்கள் நா கூசுகிறது. கோயில் பிரவேசத் தகராறினால் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே 2023-ல் முத்திரை வைக்க நேர்ந்ததை நாம் எல்லோரும் அறிவோம். சபையில் அவமானப்பட்டு நியாயம் கேட்டவளின் சந்நிதியில் இன்னொருவரை அவமானப்படுத்துவது மகா பாதகம். பக்கத்துத் தெருவாரைத் தேடிப்போய் அழைத்து, உங்கள் பாயிலேயே இடம் கொடுங்கள்.

ஆகவே எங்கள் பிரார்த்தனை இதுதான். பங்குனி முதல் ஆடி வரையில் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பாரதம் வைப்பதற்கான நோட்டீஸ் கையில் கிடைத்ததும், படுகளத்துத் தேதியைக் குறித்து வைத்து, அன்றைக்கு வேறு காரியம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜமாவிடம் இரவு முழுவதும் ஆடும்படி தர்மகர்த்தாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். நாங்கள் விழித்திருப்போம் என்ற உறுதியை ஜமாவுக்குக் கொடுங்கள். கதை தெரியாத பிள்ளைகளுக்கு, பகலில் பிரசங்கியார் வாசிக்கும்போதே அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஆட்டக்காரர்களில் பலர் பகலில் கூலி வேலைக்குப் போய் இரவில் வேஷம் கட்டுபவர்கள். விடிந்ததும் அவர்களில் ஒருவரையாவது வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்து அனுப்புங்கள்.

படுகளத்துக்கு முந்திய சனிக்கிழமை பகலிலேயே மண் வேலைக்கு ஆள் வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் களரி கட்டுவார்கள். ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு வாருங்கள்.

இங்ஙனம்,
செய்யாற்று வட்டாரத்துக் கூத்து அபிமானிகள்