அமரக் கூடாத அரியணை

தமிழ்க் கவிதை பெண்ணின் பாதத்தைப் பாடிச் சலித்ததே இல்லை. மெல்லிய மலரும் பறவையின் இறகும்கூட அவள் அடியை உறுத்தும் என்கிறது குறளின் 1120ஆம் பாடல். தளிர், தாமரை, பஞ்சு என்று பிற்காலப் புலவர்கள் அடுக்கிய உவமைகளுக்குக் கணக்கில்லை. பாதத்தின்மேல் இத்தனை மென்மையை ஏற்றிவைத்த இதே சமூகம், ஒரு பெண்ணின் வாழ்வில் அவள் பாதத்துக்கு மிகக் கடினமான வேலை வைக்கும் நாளில், அது வலிக்கிறதா என்று ஒருமுறையும் கேட்பதில்லை. திருமண நாளைத்தான் சொல்கிறோம்.

இலக்கியம் படிக்கிறவர்கள் பேசவேண்டிய பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'மரபு' என்ற சொல்லை எடுத்து எல்லோர் வாயையும் அடைப்பவர்கள் பெரும்பாலும் மரபைப் படிக்காதவர்களாக இருப்பதால், படித்தவர்கள் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

நம் ஊர்த் திருமணம் ஒன்றின் நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம். முதல்நாள் மாலை ஏழு மணிக்கு வரவேற்பு மேடையில் ஏறும் பெண், இறங்கும்போது இரவு பத்தரை ஆகிவிடுகிறது. படுக்கப் பன்னிரண்டு. பிரம்ம முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே எழுப்பித் தலைக்கு நீர் ஊற்றுகிறார்கள். பிறகு முகூர்த்தம், ஆசீர்வாதம், கோயில், விருந்து, மறுவீடு. இவற்றுள் கால்களைக் கொல்வது சடங்கு அன்று, முதல்நாள் மாலை வரவேற்புதான். நானூறு குடும்பங்கள் மேடையேறி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடங்கள் ஆகின்றன. அதாவது மூன்று மணி இருபது நிமிடங்கள். அத்தனை நேரமும் அவள் நிற்கிறாள், ஓரடிகூட நகராமல்.

நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல. நடக்கையில் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நிற்கையில் அந்த வேலை நடைபெறுவதில்லை. இரத்தம் காலில் தேங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது, பாதம் கனக்கிறது. போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் தோளுயரத்துக்கு அவளை எட்டவைக்கக் குதி உயர்ந்த செருப்பு. உடலின் பாரம் முழுவதும் முன்பாதத்தில் இறங்கி விரல்களை நெரிக்கிறது. கனத்த பட்டுடுத்திக் கழிவறைக்குப் போய்வருவது எளிதன்று என்பதால் அவள் தண்ணீரும் குடிப்பதில்லை. சரியாகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டாள். இந்நிலையில் மணப்பெண்கள் மேடையில் மயங்கிச் சரிந்தால் "கண் பட்டுவிட்டது" என்று சுற்றிப்போடுகிறார்கள். கண் படவில்லை ஐயா, கால்தான் ஓய்ந்துவிட்டது.

இதில் மிகக் கொடிய நகைச்சுவை ஒன்று உண்டு. மேடையின் நடுவே, அவளுக்கு நேர் பின்னால், பொன்முலாம் பூசி வெல்வெட் தைத்த அரியணைகள் இரண்டு கிடக்கின்றன. அவற்றுக்கு வாடகையும் கொடுத்திருக்கிறோம். ஆனால் யாரும் அவற்றில் அமர்வதில்லை. படத்தில் பின்னணியாக விழுவதற்கென்றே போடப்பட்ட நாற்காலிகள் அவை. உட்கார இடமிருந்தும் உட்காரக் கூடாத இந்த நிலையை எந்தச் சாத்திரம் விதித்தது?

*

மரபு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அகநானூற்றின் 86ஆம் பாடல் ஒரு திருமணத்தை விரிவாகக் காட்டுகிறது. அங்கே தீயும் இல்லை, தாலியும் இல்லை. உளுந்து சேர்த்த பொங்கல் உண்டு, விளக்கு உண்டு, மகப்பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துவது உண்டு. இவற்றோடு நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு செய்தியும் உண்டு: பந்தலின் கீழே மணல் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த பந்தர், காலடியில் புது மணல். அழகுக்காக என்று உரை சொல்லலாம். வெறுங்காலோடு நின்றும் நடந்தும் பார்த்தவர்களுக்கு வேறொரு பொருளும் தெரியும். நாம் அந்த மணலை அள்ளிவிட்டுக் கிரானைட்டைப் பதித்தோம், அதன்மேல் வழுக்கும் செயற்கை விரிப்பை ஒட்டினோம், பிறகு மரபைப் பற்றிப் பேசுகிறோம்.

திருமணச் சடங்குகள் பாதத்தை மையமாகக் கொண்டவை என்பதையும் மறந்துவிட்டோம். மணத்துக்கு முன் பெண்ணின் காற்சிலம்பைக் கழற்றும் சிலம்புகழி நோன்பை நற்றிணையும் ஐங்குறுநூறும் அறியும். அம்மி மிதிப்பது பாதம், மெட்டி ஏற்பது பாதம், புகுந்த வீட்டில் முதலில் நுழைவதும் வலப்பாதம். ஆண்டாள் தன் கனவுத் திருமணத்தைச் சொல்லும் திருமொழியில், தன் இறைவனே கையால் அவள் பாதத்தைப் பற்றி அம்மிமேல் வைப்பதாகக் காண்கிறாள். மூவுலகும் அளந்தவனாக அவள் அறிந்தவன் ஒரு பெண்ணின் காலைக் குனிந்து பிடிக்கிறான். சடங்கின் பிற பொருள்களைப் பற்றி எத்தனையோ விவாதங்கள் இருக்கலாம். அந்த ஒரு கணத்தில் அவள் பாதம் இன்னொருவரின் கையில் கவனத்தோடு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. இன்றோ அந்தக் கணத்திலும் "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று குரல் வருகிறது. அவர் கேமராவைப் பார்க்கிறார்.

சடங்கின் பெரும்பகுதியில் பெண் மணையில் அமர்கிறாள் என்பதையும் கவனிக்கவேண்டும். எழுகிறாள், நடக்கிறாள், வலம்வருகிறாள், மீண்டும் அமர்கிறாள். அசையாது நிற்கும் தண்டனை பழைய முறையில் இல்லை. அது வரவேற்பு என்ற பிற்காலச் சேர்க்கையோடு வந்தது. ஆகவே இதை வைதிகத்தின் தலையில் கட்டவும் முடியாது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளித்த திருத்தத்தை 1967இல் நிறைவேற்றிய மாநிலம் இது. புரோகிதரை விலக்கிய அந்த வீடுகளிலும் மாலை ஏழு மணிக்கு அதே மேடை, அதே வரிசை, அதே செருப்பு. புகைப்படக்காரரை விலக்கும் துணிவு இன்னும் எந்த இயக்கத்துக்கும் வரவில்லை.

"கண்ணகி மதுரை வரைக்கும் நடந்தாளே, இவளுக்கு மூன்று மணி நேரம் நிற்க முடியாதா" என்பவர்கள் உண்டு. அவர்கள் சிலம்பை மீண்டும் ஒருமுறை திறப்பது நல்லது. புகாரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதுமே கண்ணகி தளர்ந்து, மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்புக்குள் அழுகை இருக்கிறது. இளங்கோ அவள் களைப்பை மறைக்கவில்லை. காப்பியத் தலைவிக்குக் கால் வலிக்கலாம் என்று எழுத அவருக்குத் தயக்கமில்லை. அதைக் கேட்டுக் கலங்காத கணவனை அவர் படைக்கவும் இல்லை.

*

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டியது கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் அதை 2018இலேயே செய்தது. துணிக்கடைகளில் நாள்முழுதும் நின்ற பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. எல்லாக் கடைகளிலும் அது நடைமுறையில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் நிற்பது ஒரு துன்பம், உட்காருவது ஓர் உரிமை என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. முகூர்த்தப் பட்டை எடுத்துக்காட்டும் பெண் உட்காரலாம் என்றான பிறகும், அதை உடுத்தும் பெண் மட்டும் நிற்கவேண்டுமா?

செய்யவேண்டியவை எளியவை. விருந்தினரை அமர்ந்தே வரவேற்கலாம். வயதில் மூத்தவர் வந்தால் எழலாம், அது மரியாதை. அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வரிசையை நிறுத்தலாம். உணவுக்கூடத்தில் அரை மணி காத்திருப்பவர் மேடைக்குக் கீழே பத்து நிமிடம் காத்திருக்கமாட்டாரா? செருப்பைப் புடவையின் நிறத்துக்கு மட்டும் பார்த்து வாங்காமல், அகன்ற தாழ்ந்த குதி உள்ளதாக வாங்கி, ஒருவாரம் முன்பிருந்தே வீட்டுக்குள் போட்டுப் பழகலாம். கரையின் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. மெட்டியை முன்கூட்டியே விரலில் அளந்து வாங்கலாம். கோடை முகூர்த்தத்தில் கோயில் வெளிப்பிராகாரக் கல் கொதிக்கும். ஈரமாக்கிய தென்னைநார் விரிப்பு அதற்குப் போதும். இரவு அறைக்குத் திரும்பியதும் வெந்நீரில் கால்களை வைத்து, பிறகு தலையணைமேல் உயர்த்திப் படுக்க அவளை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் அறைக்குள் நுழைந்து நகைகளைச் சரிபார்க்காமல் இருப்பதும் பேருதவி.

"ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்" என்பது இதற்கெல்லாம் சொல்லப்படும் விடை. அந்த வாக்கியத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம். அது ஒரு நாளோடு நிற்பதில்லை. பந்தியில் எல்லோரும் உண்ட பிறகு உண்பதற்கும், காய்ச்சலோடு அடுப்படியில் நிற்பதற்கும், பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் வேலைகளை ஏற்பதற்கும் அதே வாக்கியம்தான் பிறகு பயன்படப்போகிறது. வலியைச் சொல்லாமல் சிரிப்பது நல்ல பெண்ணுக்கு அழகு என்ற பாடம் அந்த மேடையில், நானூறு குடும்பங்களின் முன்னிலையில், ஒளிவெள்ளத்தில் நடத்தப்படுகிறது. அதற்கு மொய்யும் எழுதிவிட்டு வருகிறோம்.

அடுத்த முறை மேடையேறும்போது வாழ்த்துச் சொல்லுமுன் "உட்காரும்மா" என்று சொல்வோம். அவள் உட்காரும்வரை படத்துக்கு நிற்கமாட்டோம் என்றும் சொல்வோம். நாற்காலி அங்கேயே இருக்கிறது. வாடகையும் கொடுத்தாகிவிட்டது.