பேசாத பிள்ளை பிழைக்காதா?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நாமும் தலையாட்டிக்கொண்டு வருகிறோம். சரி, வாய் இருந்தும் அதைத் திறக்காத பிள்ளையின் கதி என்ன? லேப் ரெக்கார்டை முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டு, வைவாவில் எக்ஸ்டர்னல் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் திருதிருவென்று விழிக்கிற பிள்ளை பிழைக்கவே மாட்டானா?

நண்பர்களே, ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிப் பத்துப் பேராவது இருக்கிறோம். 'ஊமைக்கோட்டான்', 'அமுக்கன்' என்று பட்டப்பெயர்களும் வாங்கியிருக்கிறோம். தோழியர் பாடு இன்னும் மோசம். அதிகம் பேசினால் 'வாயாடி', பேசாவிட்டால் 'திமிர்'! ஆனாலும் மூன்று வருடத்தை எப்படியோ ஓட்டிவிடலாம். நம் பெயர் தெரிந்த வாத்தியார் இருக்கிறார். நமக்காகப் பேசப் பக்கத்து பெஞ்சு நண்பன் இருக்கிறான்.

டிப்ளமோவைக் கையில் வாங்கி வெளியே வந்த பிறகு?

1961-ம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டம் 1973-ல் திருத்தப்பட்ட பிறகு நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கும் கம்பெனிகளில் ஒரு வருடப் பயிற்சிக்கு வழி பிறந்தது. தென்மண்டலத்துக்கான பயிற்சி வாரியமே நம்ம தரமணி சி.ஐ.டி. வளாகத்தில்தான் இருக்கிறது. கிண்டி எஸ்டேட்டோ, மயிலாப்பூரில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசோ, தி.நகரில் ஒரு கட்டுமான கம்பெனியோ, எங்கே போனாலும் முதல்முறையாக 'பாஸ்' என்ற ஒருவரின் எதிரில் நிற்கப் போகிறோம். அவருக்கு நம் பெயர் தெரியாது. நம் மார்க் தெரியாது. ஒரு வருடம் முடியும்போது அவர் மனதில் நாம் யாராக இருக்கிறோமோ, அதை வைத்துத்தான் "இந்தப் பையனை வைத்துக் கொள்ளலாமா?" என்று முடிவு செய்வார். பேசாத பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் வெறும் ஜெராக்ஸ் எடுப்பதிலும் டீ வாங்கி வருவதிலும் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இதற்கு நம்ம பசங்க சொல்லும் ஒரே யோசனை, "பாஸுக்குக் கொஞ்சம் சோப்பு போடு மச்சான்!" இல்லாவிட்டால், "நீயும் கலகலன்னு பேசக் கத்துக்கோ." முதல் யோசனை நமக்கு வராது. வந்தாலும் வேண்டாம். இரண்டாவது, மாமரத்தைப் பார்த்து நீ பலா காய்க்கக் கூடாதா என்று கேட்பது போல. பேசாதவனுக்கு வேறு வழி உண்டு என்பது என் கட்சி. சாட்சிக்கு நம் ஊர்க்காரர் ஒருவரையே கூப்பிடுகிறேன்.

தரமணியில் அவர் பெயரில் ஓர் ஐ.டி. நகரமே எழுந்து நிற்கிறது. ஆம், கணித மேதை ராமானுஜன்தான். அவரை மேதையாகத்தான் எல்லோருக்கும் தெரியும். அவரும் ஒரு பாஸுக்குக் கீழே வேலை பார்த்த குமாஸ்தா என்பதை மறந்துவிடுகிறோம்.

கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர் அவர். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் உடனே காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ள வேண்டாம்!) பெரிய மனிதர்கள் முன்னால் கூச்சப்படுகிறவர். 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் ரூ.30 சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே கணக்குப் பிரிவில் அவருக்கு மேலதிகாரி எஸ்.நாராயண ஐயர். இவர் முன்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். எல்லோருக்கும் மேலே சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் நம்ம லைன்தான், சிவில் இன்ஜினியர்!

நாராயண ஐயரின் வீடு திருவல்லிக்கேணியில், இன்று பாரதி சாலை எனப்படும் பைக்ராப்ட்ஸ் சாலையில். ஆபீஸ் முடிந்த பிறகு அந்த வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் வரை கணக்குப் போடுவார்களாம். இதில் ஒரு சிக்கல். ராமானுஜன் முதல் வரியை எழுதுவார், அடுத்த வரியில் விடையை எழுதிவிடுவார். நடுவில் இருப்பதெல்லாம் அவர் மண்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். கணிதம் படித்த நாராயண ஐயருக்கே தலை சுற்றும். ஒருநாள் அவர், என் அளவுக்கு இறங்கி வா, உன் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பத்துப் படியாவது எழுதிக் காட்டு என்று கேட்டுக் கொண்டதாகச் சொல்வார்கள்.

அந்தப் பத்துப் படியில்தான் நம் பிரச்சனைக்கு விடை இருக்கிறது. பேசாத ஆட்களாகிய நாம் செய்யும் வேலை முழுவதும் மனதுக்குள்ளேயே நடக்கிறது. மெஷின் ஏன் நின்றது என்று யோசித்தோம், மூன்று காரணங்களைச் சோதித்தோம், நான்காவதைக் கண்டுபிடித்துச் சரி செய்தோம். பாஸ் கண்ணுக்குத் தெரிவதோ மெஷின் ஓடுகிறது என்பது மட்டுமே. பக்கத்தில் இருந்த வாயுள்ள பிள்ளை, "சார், நாங்க சரி பண்ணிட்டோம்!" என்று சொல்லிப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறான். அவன் மேல் கோபப்பட்டு என்ன பயன்? நடுவில் இருந்த பத்துப் படியை நாம் யாருக்கும் காட்டவில்லையே!

அதனால் பேசத்தான் வராது என்றால் எழுதுவோம். அதில் நாம் சூரர்களாயிற்றே! மூன்று வருடமாக ரெக்கார்டு எழுதி எழுதித் தேய்ந்த கை இது. தினமும் வேலை முடிந்ததும் ஒரு சின்ன நோட்டில் மூன்று வரி போதும். இன்று என்ன செய்தேன்? எங்கே சிக்கியது? நாளைக்கு என்ன வேண்டும்? வாரம் ஒருமுறை அதை சூப்பர்வைசரிடம் காட்டி, "சார், ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொன்னால் போதும். நாலே வார்த்தை! ஒரு மாதம் காட்டிப் பாருங்கள். ஐந்தாவது வாரம் நோட்டு வராவிட்டால் "எங்கேப்பா நோட்டு?" என்று அவரே கேட்பார். பழக்கம் என்பது அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம். நாராயண ஐயருக்கு முன்பே, 1910-ல், நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தார் ராமானுஜன். நோட்டைப் புரட்டிய ராவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ராமானுஜன் சும்மா வந்துவிடவில்லை. தன் கணக்குகளில் எளிமையானவற்றை முதலில் காட்டினார், பிறகு படிப்படியாகப் பெரியவற்றுக்கு அழைத்துப் போனார். கடைசியில் "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராவ் கேட்டபோது சுற்றி வளைக்கவில்லை. ஆராய்ச்சியைத் தொடர, வயிற்றைக் கழுவ ஏதோ கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார். ராவ் மாதம் ரூ.25 கொடுத்து வந்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடம். பாஸிடம் போகும்போது அவருக்குப் புரிகிற இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் "என்னப்பா வேணும்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார்" என்று தலையைச் சொறியாமல், வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை முந்தின நாளே தயார் செய்து வைத்துக் கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

யாரிடம் பேசுவது என்பதும் முக்கியம். ராமானுஜன் நேரே சேர்மன் ஸ்பிரிங் துரையின் அறைக் கதவைத் தட்டிக் கொண்டிருக்கவில்லை. நாராயண ஐயரிடம் வேரூன்றினார். நாராயண ஐயர் வழியாக விஷயம் ஸ்பிரிங்கிடம் போனது. 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங்கே தன் குமாஸ்தாவின் கணக்குகளை அவரிடம் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். மே மாதத்திலிருந்து மாதம் ரூ.75 ஆராய்ச்சி உதவித்தொகை! பேசாத குமாஸ்தாவுக்காக இரண்டு மேலதிகாரிகள் பேசினார்கள். கூட்டத்தில் நமக்கு நாக்கு ஒட்டிக் கொள்ளும். ஒருவரிடம் தனியாக என்றால் பேச்சு வரும். அதனால் ஒரு ஃபோர்மேன், ஒரு சூப்பர்வைசர், ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும். ஷிஃப்ட் மாறும் பரபரப்பில் போகாதீர்கள். டீ குடித்த பிறகு ஐந்து நிமிஷம் போங்கள். "சார், இந்த வேலையை நீங்க எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள். கேட்டதைக் கவனமாகக் கேட்டுக் கொள்ளுங்கள். காது கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

"நாம என்ன ராமானுஜனா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் படிகளை எழுதிக் காட்டுவதற்கு மேதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப் போனால், அது மேதைக்குத்தான் கஷ்டமாக இருந்தது!

"எல்லா பாஸும் நாராயண ஐயர் ஆவாரா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஜால்ரா சத்தம் மட்டுமே காதில் விழுகிற பாஸ்களும் இருக்கிறார்கள். அவரிடம் நோட்டைக் காட்டினால் "வை அங்கே" என்பார். இருந்தாலும் எழுதுங்கள். ஒரு வருடத்து வேலை உங்கள் கையெழுத்தில் இருக்கும். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் வாய் அடைத்துப் போனாலும் அந்த நோட்டு பேசும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மௌனத்தில் பாதி சுபாவம் அல்ல, இங்கிலீஷ் பயம்! தமிழ் மீடியத்தில் படித்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஃபோர்மேன் தமிழில்தான் பேசுகிறார். டாலரன்ஸ், பேரிங், சர்க்யூட் என்ற வார்த்தைகள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. மீதியைத் தமிழிலேயே சொல்லலாம். தப்பான இங்கிலீஷுக்குப் பயந்து சரியான விஷயத்தை விழுங்கிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சில சமயம் மௌனம் சுபாவமாக இருக்க முடியாது. பிரஸ் மெஷினில் விரல் போகாமல் காக்கும் தடுப்பு கழன்று தொங்குகிறது. வயர் ஜாயின்ட் சூடாகிப் புகைகிறது. பில்லர் கம்பி டிராயிங்கில் உள்ளதைவிடக் குறைவாகக் கட்டப்படுகிறது. நாம் பார்த்துவிட்டோம். "புதுசா வந்தவன் நான், எப்படிச் சொல்றது?" என்று இருந்துவிட்டால், அடுத்த ஷிஃப்ட்காரரின் விரல் போகும். நாளைக்கு அந்த வீட்டில் குடியிருப்பவர்களின் தலைமேல் இடியும். அங்கே கூச்சத்துக்கு இடமில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி, குரல் நடுங்கினாலும் பரவாயில்லை என்று பாஸிடம் நேரே சொல்லிவிட வேண்டும். தினமும் மூன்று வரி எழுதிக் காட்டிப் பழகியவன் அன்றைக்குச் சொன்னால், "இவன் சும்மா சொல்ல மாட்டான்" என்று பாஸ் எழுந்து வருவார். பாஸிடம் நம்பிக்கையைச் சம்பாதித்து வைப்பது வேலை நிரந்தரமாவதற்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

வாயுள்ள பிள்ளைகள் பிழைக்கட்டும், அவர்களும் நம் நண்பர்களே. பேசாத பிள்ளைகளே, உங்கள் நோட்டைத் திறந்து வையுங்கள். நடுவில் உள்ள பத்துப் படியையும் எழுதுங்கள். படிக்கிறவர் ஒருவராவது வருவார்.