கருப்புச் சளியும் கண்மாய்த் தண்ணீரும்

புதூரிலிருந்து விளாத்திகுளம் போகும் வழியெல்லாம் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் என்று ஏதாவது நிற்கும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் மட்டும்தான். அதையும் விடுவதில்லை. வெட்டி அடுக்கி, இலைதழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைப் புகைய விட்டால் சில நாட்களில் கரி. இதுதான் கரிமூட்டம். வானம் பொய்த்த வருஷங்களில் பல வீடுகளில் அடுப்பெரிவது இந்தக் கரியால்தான்.

மூட்டத்தைப் பிரித்து, கரியைச் சலித்து மூட்டை பிடிப்பவர்கள் சாயங்காலம் காறித் துப்பினால் சளி கருப்பாக வரும். "தூசி வெளியே வந்துருச்சு, நல்லதுதானே" என்பார்கள். பாதி உண்மை. வெளியே அனுப்பியது யார் என்பதுதான் விஷயம்!

பள்ளிக்கூடத்தில் பாரமீசியம் படம் வரையாதவர் உண்டா? செருப்பு மாதிரி ஓர் உருவம், சுற்றிலும் சின்னச் சின்னக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் சிலியா, அதாவது குறு இழைகள். ஐந்து மார்க்கோடு அந்தப் படம் மறந்து போகிறது.

இலை அழுகிக் கிடக்கும் கண்மாய் ஓரத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்தால் பாரமீசியம் ஓடுவதைப் பார்க்கலாம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால் பாகம் வரும். உடம்பெல்லாம் ஆயிரக்கணக்கில் இழைகள். கிணற்றில் நீந்துபவர் கையை வீசுவது போல, இழை விறைப்பாக ஒரு பக்கம் அடிக்கும், பிறகு வளைந்து மெதுவாகத் திரும்பும். எதிலாவது முட்டினால் கால்சியம் உள்ளே பாயும். எல்லா இழைகளும் திசை மாற்றி அடிக்கும். வண்டி ரிவர்ஸில் போகும். மூளை கிடையாது, நரம்பும் கிடையாது. (பி.காம். காரர்களுக்கு ஒரு தகவல்: 1670களில் இந்த மாதிரி நுண்ணுயிர்களை முதலில் பார்த்த ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் ஒரு துணி வியாபாரி.)

தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பி இதே இழைகளைச் செவுளில் வைத்திருக்கிறது. அது எங்கும் நீந்திப் போவதில்லை. இருந்த இடத்திலிருந்தே தண்ணீரை உள்ளே இழுத்து இரையை வடிகட்டிக்கொள்கிறது.

மனிதனின் மூச்சுக்குழாயிலும் அதே இழைகள்தான். உள்ளமைப்பு கூட ஒன்றே: நடுவில் இரண்டு நுண்குழல்கள், சுற்றி ஒன்பது ஜோடி. ஒரு செல்லுக்குச் சுமார் 200 இழைகள், நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கின்றன. மேலே படிந்த சளியைத் தூசியோடு சேர்த்து நிமிஷத்துக்குச் சில மில்லிமீட்டர் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. கருப்புச் சளி இந்த வேலையின் பலன்.

இந்த இழைகளுக்கும் ஓர் அளவு உண்டு. புகை அவற்றின் வேகத்தைக் குறைக்கும். நாள்பட்டால் இழைகளே உதிரும். மூட்டப் புகையோடு பீடிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இழைகள் செய்யாத வேலையை இருமல்தான் செய்தாக வேண்டும். அதைவிட மோசம், மிக நுண்ணிய தூசி இழைகளையெல்லாம் தாண்டிக் கடைசிக் காற்றறைகளுக்கே போய்விடும். அங்கே இழைகள் கிடையாது. முகத்தில் கட்டும் துண்டு பெருந்தூசியைத் தடுக்கும், இந்த நுண்தூசியைத் தடுக்காது. வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கை. வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி இருப்பது நுரையீரலில்.

மூட்டம் போடுகிறவரின் கணக்கில் விறகு, கூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் ஏறுகிறது. கணக்குப் பாடத்தில் மிஷினுக்குத் தேய்மானம் எழுதக் கற்றுத் தருகிறார்கள். கரி அள்ளுபவரின் மூச்சுக்குழாய்த் தேய்மானத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இப்போது அது அவர் வீட்டு மருந்துச் செலவில்தான் ஏறுகிறது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியின் விலையைக் கரி விலையிலேயே சேர்த்துவிட வேண்டும், அதை வியாபாரி கொடுக்க வேண்டும். கூலிக்காரர் கையிலிருந்து வாங்கட்டும் என்பது நியாயமே இல்லை.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அதைக் கரித்தூசி என்று தள்ளிவிடவும் கூடாது. காசநோயாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம்.