சீட்டு வேண்டாம், நம்பர் போதும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற பஸ்ஸில், கோபாலபுரம் தாண்டியதும் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்கிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எல்லைக்கு அப்பாலும் டீக்கடைப் பேச்சு தமிழில்தான் இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் பல கிராமங்களில் வீட்டுச் சண்டைகூடத் தமிழில்தான் நடக்கிறது. அங்கே சட்டென்று மாறுவது இரண்டே விஷயம். ஒன்று போர்டுகளில் உள்ள எழுத்து, மற்றது லாட்டரிக் கடை. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று தமிழ்நாட்டுக்காரன் காலெடுத்து வைக்கும் இடத்திலெல்லாம் கலர் கலராகச் சீட்டுகள் தொங்குகின்றன. தெற்கே இடுக்கி எல்லையில் குமுளியிலும் இதே காட்சிதான். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இறங்கி ஏறும் இடம் அது.

இந்தக் கடைகளைப் பெற்றெடுத்தது கேரள அரசு என்றால், வளர்த்துவிட்டது தமிழக அரசு. 1968-ல் அண்ணா ஆட்சியில் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு பின்னாளில் தனியார் ஏஜென்டுகளின் காடாக மாறியது. சிக்கிம், பூட்டான், நாகாலாந்து என்று மேப்பில் பார்த்தறியாத ஊர்களின் லாட்டரிகளெல்லாம் நம் தெருமுனையில் விற்றன. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமைக் கூலியை ஒரு நம்பர் லாட்டரியில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

தடை செய்த பொருள் எல்லையில் கடை போட்டுக் காத்திருக்கும் என்பது மதுவிலக்குக் காலத்திலேயே நாம் கற்ற பாடம். ஆனாலும் அந்த எல்லை ஒருவகையில் நல்ல காவல்காரனாக இருந்தது. லாட்டரி வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும், அரைநாள் வேலையை விட வேண்டும். ஆசைக்கும் சீட்டுக்கும் நடுவே கொஞ்சம் தூரம் இருந்தது. இந்தத் தூரம்தான் எந்தச் சட்டப் பிரிவையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் கணிப்பு.

அந்தத் தூரத்தைச் செல்போன் தின்றுவிட்டது.

கோபாலபுரத்தில் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து சீட்டு விற்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து இப்போதும் நிறையப் பேர் வருகிறார்களா என்று கேட்டேன். “பம்பருக்கு வருவாங்க. தினசரி வர்றவங்கதான் கொறஞ்சு போச்சுங்க. அவங்களுக்கு இப்ப சீட்டு வேண்டாமாமுங்க, நம்பர் போதுமாம்” என்றார்.

கேரள லாட்டரியின் குலுக்கல் திருவனந்தபுரத்தில் தினமும் பிற்பகல் 3 மணிக்கு நடக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் முடிவு இந்தியாவில் உள்ள எல்லா போன்களுக்கும் வந்துவிடுகிறது. அதன் முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல்தான் தமிழ்நாட்டு ஊர்களில் பந்தயம் நடக்கிறது. பெயர் மூன்று நம்பர் லாட்டரி. கேரளத்திலும் இது உண்டு, எழுத்து லாட்டரி என்பார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் நம்பரை அனுப்பி, பணத்தையும் போனிலேயே கட்டிவிடலாம். அச்சகம், சீட்டு, வரி எதுவும் இல்லை. கேரள அரசு செலவு செய்து, ஆட்களை முன்னால் உட்கார வைத்து ஒழுங்காகக் குலுக்கித் தருகிற எண்ணைக் கள்ள ஏஜென்ட் இலவசமாக எடுத்துக்கொள்கிறான். குலுக்கலில் மோசடி என்று யாரும் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்குப் பார்த்தால் மூன்று நம்பரில் ஜெயிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நிஜ லாட்டரியின் முதல் பரிசுக்குப் பல லட்சத்தில் ஒன்று. கூலிக்காரர் முட்டாள் அல்ல, அவருக்கு இந்தக் கணக்கு தெரியும். தெரியாதது மற்றொன்று. 437 கட்டியிருப்பார், 438 விழும். ‘ஒரே நம்பரில் போச்சே’ என்ற எண்ணம் மறுநாள் அவரை இரண்டு மடங்கு கட்டவைக்கும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே இப்படி அழிந்தது. மூன்று நம்பர் லாட்டரியை ஒழியுங்கள் என்று சாவதற்கு முன் அவர் சொன்ன வீடியோவும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது.

சட்டம் என்ன செய்கிறது? 1998-ல் மத்திய அரசு கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசு கூடாது என்றது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான் என்றும் விதித்தது. கேரளம் ஏழு நாளைக்கு ஏழு பெயரில் லாட்டரி நடத்தி, விதியையும் மீறாமல் வியாபாரத்தையும் விடாமல் சமாளித்துவிட்டது. அதைவிட ருசியான சங்கதி, கம்ப்யூட்டரில் விற்கும் ஆன்லைன் லாட்டரியை 2005-ல் தடை செய்த மாநிலமும் கேரளம்தான். காகித லாட்டரியை நடத்திக்கொண்டே இதைத் தடுக்கலாமா என்று வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். இரண்டும் வெவ்வேறு வகை, தடுக்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். திரையில் நிமிடத்துக்கு ஒரு முறை ஆடும் சூதும், சட்டைப் பையில் மடித்து வைக்கும் ஐம்பது ரூபாய்ச் சீட்டும் ஒன்றல்ல. ஆனால் காகிதத்தைக் கட்டிக்காத்த அதே கேரளத்தின் எண், போன் வழியாகச் சூதாட்டத்துக்குப் போகிறது.

தமிழகத்தின் கண்ணும் காகிதத்தின் மேல்தான். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேர். அந்தச் சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் கிளம்பியது. கேரள லாட்டரியைக் கேரளத்துக்குள் மட்டுமே விற்கலாம் என்பதால் எங்கே வாங்கியது என்ற விசாரணை நடந்து, பிறகு அடங்கியது. எல்லைக்கோட்டுக்கு ஐம்பதடி மேற்கே விற்றால் கோடீஸ்வரனை உண்டாக்கிய ஏஜென்ட், ஐம்பதடி கிழக்கே விற்றால் குற்றவாளி. அந்த வேளையிலும் நம்பர் மட்டும் செக்போஸ்ட்டில் நிற்காமல் போய்வந்துகொண்டிருந்தது.

ஆன்லைன் ரம்மிக்காவது சட்டம் வந்தது. தமிழக அரசு 2022-ல் சட்டம் இயற்றி 2023-ல் அமலாக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ரம்மிக்கு ஒரு கம்பெனி உண்டு, நோட்டீஸ் அனுப்ப முகவரி உண்டு. மூன்று நம்பருக்கு இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு, அதற்குப் பின்னால் டீக்கடை பெஞ்சில் ஒரு பையன். அவனைப் பிடித்து ஒரு நோட்டையும் சில ஆயிரம் ரூபாயையும் பறிமுதல் செய்ததாக வாரம் தவறாமல் செய்தி வருகிறது. அவன் ஜாமீனில் வந்து வேறு பெஞ்சில் உட்காருகிறான்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. பழைய நாளில் பணம் கைமாறியதற்குத் தடயம் கிடையாது. இன்று ஒவ்வொரு அறுபது ரூபாயும் போனில் கட்டப்பட்டு, யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று வங்கியில் பதிவாகிறது. தினமும் 3 மணிக்கு முன் நூற்றுக்கணக்கான சில்லறைத் தொகை வந்து விழுந்து, அதற்குப் பின் சிலருக்கு மட்டும் பெரிய தொகை போகிற கணக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானி வேண்டாம். அந்தக் கணக்கின் சொந்தக்காரனைத் தேடாமல் பையனின் நோட்டைத் தேடுகிறோம். பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீருக்காக எத்தனையோ முறை உட்கார்ந்து பேசிய இரண்டு அரசுகளும் இந்த நம்பருக்காக ஒரு முறை பேசக்கூடாதா? கேரளத்துக்கும் இதில் நஷ்டம்தான். கருண்யா லாட்டரியை 2011-ல் தொடங்கியது ஏழைகளின் புற்றுநோய், சிறுநீரக சிகிச்சைக்குப் பணம் சேர்க்க. வாட்ஸ்அப்பில் போகும் பணத்தில் ஒரு ஊசிகூட வாங்க முடியாது.

2025 செப்டம்பரில் லாட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. சட்டப்படி விற்பவருக்கு வரி மேல் வரி, சட்டத்துக்கு வெளியே விற்பவருக்கு எதுவும் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மணி மூன்றாகப் போகிறது என்று வண்டிக்காரர் பரபரத்தார். விற்காத சீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கைக்காசு போய்விடும். “ஒண்ணு எடுத்துக்கறீங்களா சார்?” என்றார். தடையை வரவேற்றவன் என்ற கூச்சத்தோடு ஒன்று வாங்கினேன். அவர் கையில் இன்னும் பதினொன்று மிச்சம் இருந்தது.