திறவாத உறைகள்

பனிமய மாதா ஆலயத்தில் ஜூலை 26-ஆம் நாள் கொடியேறுகிறது. ஆகஸ்டு 5-ஆம் நாள் பெருவிழா. இவ்விரண்டிற்கும் நடுவே, ஆறாம் திருநாளன்று, ஜூலை 31 வந்து நிற்கிறது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் அதுவே. வீடு முழுவதும் உறவினர் நிறைந்திருக்க, பந்தியில் பரிமாறுவதை விட்டுவிட்டு, "அந்தக் காகிதத்தை எங்கே வைத்தேன்?" என்று அலமாரியைத் துழாவும் குடும்பத் தலைவர்கள் நம் ஊரில் பலர். 2025-ஆம் ஆண்டில் அந்நாளை அரசு செப்டம்பர் வரை தள்ளி வைத்தது. நாம் என்ன செய்தோம்? தேடுவதை நிறுத்தினோம். செப்டம்பர் 14-இல் மீண்டும் தேடத் தொடங்கினோம்.

அப்போது கையில் அகப்பட்டது வரிக் காகிதம் அன்று. மூன்று மாதங்களுக்கு முன் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வாங்கி வந்து, ஒட்டுப் பிரிக்காமலே வைத்துவிட்ட உறை. அதனுள் என்ன எழுதியிருக்கும் என்பதை ஒருவாறு அறிந்திருந்தோம். அறிந்திருந்ததனாலேயே திறக்கவில்லை.

இரண்டும் ஒரே இழுப்பறையில் கிடந்தது தற்செயலன்று என்று இப்போது தோன்றுகிறது. உடலைப் பற்றிய கவலை உள்ளே புகுந்துவிட்டால், மனம் அந்த ஒன்றை மட்டும் தள்ளி வைப்பதில்லை. வங்கிக் கடிதம், வீட்டுத் தீர்வை, காப்பீட்டுத் தவணை ஆகிய யாவும் அதனோடு சேர்ந்து பூட்டப்படுகின்றன. வெளியே பார்ப்பவர்கள் அதைச் சோம்பல் என்பார்கள். சோம்பேறி இரவில் நன்றாக உறங்குவான்; இவர்கள் உறங்குவதில்லை.

நம் கடற்கரைக் குடும்பங்களில் கப்பலில் பணிபுரிவோர் உள்ள வீடுகளில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன்படி ஒரு கப்பற்பணியாளரின் மருத்துவச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அந்தச் சான்றிதழை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே சர்க்கரை என்ற சொல்லை அவ்வீடுகளில் உரக்கச் சொல்லமாட்டார்கள். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து சோற்றைக் குறைத்துக்கொண்டு போன ஒருவரை நாம் அறிவோம். இப்போதுள்ள எச்.பி.ஏ.1.சி. சோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். ஒரு வாரப் பட்டினி அதன் முன் செல்லாது. ஆனால் அவர் அறியாதது வேறொன்று. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையோடு பணிக்குச் செல்ல அந்த மருத்துவ நெறிமுறைகள் இடம் கொடுக்கின்றன. மறைத்துவைத்துக் கட்டுமீறிப் போன சர்க்கரைக்குத்தான் இடமில்லை.

அவர் கடலில் இருக்கும்போது வரிக் கவலை மனைவியின் தலையில் விழுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள்களுக்குக் குறைவாக இந்தியாவில் தங்கிய கப்பற்பணியாளர், பொதுவாக, வரிச்சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவராகிறார். அந்த நாள்களை எண்ணுவதற்குச் சான்று, நம் வீடுகளில் சி.டி.சி. என்று வழங்கும் பணிப்பதிவேட்டின் முத்திரைகளே. கப்பலேறிய நாள், இறங்கிய நாள் இரண்டின் நகலும் வீட்டில் இல்லையென்றால், அந்தப் பெண்மணி கணக்கரின் முன் என்ன சொல்வார்? கணவரோ எந்தத் துறைமுகத்தில் இருக்கிறாரோ!

பழைய முத்துச் சலாபங்களில் இந்தத் தொல்லை இல்லை. இலங்கையின் மன்னார்க் கரையில் 1905-ஆம் ஆண்டு வரை நடந்த சலாபங்களில், மாலையில் கரை சேர்ந்ததும் சிப்பியை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று மூழ்கினவர்களுக்கு. வரி என்று பார்த்தால் கொடிய வரிதான். ஆயினும் அன்றன்றே தீர்ந்தது; காகிதத்தைத் தேட வேண்டியதில்லை. மூழ்குபவரின் அச்சத்திற்குங்கூடக் கணக்கில் ஓர் இடம் இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன 'கடல்கட்டி' கரையில் இருந்தாலன்றி ஆட்கள் இறங்க மறுத்ததால், அரசே அவரை அமர்த்திக் கொண்டது.

நம் கரையில் 1961-ஆம் ஆண்டோடு சலாபம் நின்றுபோயிற்று. அதில் மூழ்கியவர்களைப் பற்றி முதியோர் சொல்வது ஒன்றுண்டு. மேலே படகில் கயிற்றைப் பிடிப்பவர் மூழ்குபவரின் மனைவியுடன் பிறந்தவராக இருப்பாராம். தங்கையின் தாலியை எண்ணிக் கயிற்றை நழுவ விடமாட்டார் என்பது நம்பிக்கை. கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குபவர் கீழே ஒரு நிமிடம்போல இருப்பார். அவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். எவ்வளவு தேர்ந்தவராயினும் தம் கயிற்றைத் தாமே பிடித்துக்கொண்டு இறங்கியவர் எவருமில்லை.

நம் இல்லங்களில் இன்று எத்தனை பேர் கயிறு பிடிக்க ஆளின்றி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்! தந்தையின் வைப்புநிதி எந்த வங்கியில் இருக்கிறது என்பது மகனுக்குத் தெரியாது. அம்மா எந்த மாத்திரையை விழுங்குகிறார் என்பது எவருக்கும் தெரியாது. கேட்டால், "உனக்கெதற்குக் கவலை?" என்பதே மறுமொழி.

அறியாமையால் கைவிட்டுப் போகும் பணமும் சிறிதன்று. வைப்புநிதி வட்டியில் வங்கி 10 விழுக்காடு பிடித்திருக்கும்; வரி கட்டத் தேவையே இல்லாத முதியவருக்குங்கூட, கணக்கைத் தாக்கல் செய்தாலன்றி அது திரும்பி வராது. காப்பீடு இல்லாத, 60 வயது நிறைந்த பெற்றோரின் மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் சேராது. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு மட்டுமே இச்சலுகை. சம்பளக்காரர் அதைக் கடைசி நாளுக்குள் தேர்ந்தாக வேண்டும். நாள் கடந்தால் அந்த வாயில் அடைபடும். தாமதக் கட்டணம் வேறு: வருமானம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவருக்கு 1,000 ரூபாய், தாண்டினால் 5,000 ரூபாய். ஆக, மருந்துக்கடைச் சீட்டு உடலுக்கு மட்டும் உரியதன்று; வரிக்கும் அதுவே சான்று. இரண்டு உறைகளும் ஒரே இழுப்பறையில் கிடந்தது ஒரு வகையில் பொருத்தமே.

மருத்துவரிடம் போகப் பொழுதில்லை, பணமில்லை என்போர்க்கு ஒரு சொல். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசின் திட்டம் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது. அது தொடங்கிய நாள் 2021 ஆகஸ்டு 5. நம் பெருவிழா நாள்தான். அந்த ஊழியர் தெருவில் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வோர் இன்னும் இருக்கிறார்கள்.

நம் உறையின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலை மைத்துனர் வந்திருந்தார். அவர் எதிரில் அதைக் கிழித்தோம். சர்க்கரை இருந்தது, நாம் அஞ்சிய அளவில் பாதிதான் இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதியை உறையின் முதுகில் எழுதினார். பிறகு வரிக் காகிதம் எங்கே என்று கேட்டார். இரவு பத்து மணிக்கு அதுவும் கிடைத்தது, பழைய திருமண அழைப்பிதழ்களின் அடியில்.

இப்போது இரண்டும் அவர் வாங்கித் தந்த ஒரே துணிப்பையில் இருக்கின்றன. பையை எங்கே மாட்டியிருக்கிறோம் என்பது அவருக்கும் தெரியும்.