வசூல் வாளியும் ரக்சி பிளேட்டும்

2005 ஜனவரி. சுனாமி அடித்து மூன்று கிழமை ஆகியிருந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நான் இருக்கும் சிறிய நகரத்தின் கடைத்தெருவில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது பேர் வாளிகளோடு நின்றோம். எல்லாம் நிலம் துடைக்கிற சிவப்பு வாளிகள். எதை எடுத்தாலும் ஒரு பவுண் என்கிற கடையில் வாங்கி, கடதாசி ஒட்டியிருந்தோம். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தானே வரைந்த அலைப் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். தொலைக்காட்சியில் முல்லைத்தீவையும் நாகப்பட்டினத்தையும் பார்த்த சனம் கேள்வி கேட்காமல் காசு போட்டது. அரை மணித்தியாலத்துக்குள் வாளிகளின் அடி மறைந்துவிட்டது.

அப்போதுதான் அவர் வந்தார். கவுன்சிலின் லைசென்ஸ் அதிகாரி. எனக்கு அவரை நன்றாகத் தெரியும், அவருக்கும் என்னை. வெள்ளி இரவுகளில் ரக்சி ஸ்டாண்டுக்கு வந்து ரோச் லைட் அடித்து என் காரின் டயரைத் தடவிப் பார்க்கிற மனிதர். ஒருமுறை பின் விளக்கு எரியவில்லை என்று ஓடிக்கொண்டிருந்த காரை வீட்டுக்கு அனுப்பியவர். அன்று அவர் கேட்டது டயரைப் பற்றியல்ல. "பெர்மிட் எங்கே?"

ரக்சிக்கு லைசென்ஸ் கொடுக்கிற மேசையிலேயே தெருவில் தர்மத்துக்குக் காசு சேர்க்கிற அனுமதியும் கிடக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். கோபம் வந்தது. ஊரில் பிணங்களை இன்னும் அடக்கி முடியவில்லை, இவர் படிவம் கேட்கிறாரே! அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். வங்கி மூலையில் ஒரு கிழவி சின்ன உண்டியல் பெட்டியோடு நின்றா. மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் உள்ளூர் இல்லத்துக்காக அந்தச் சனிக்கிழமையை மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிவைத்திருந்தவ. எங்கள் ஒன்பது வாளிகளைத் தாண்டி அவவிடம் ஒரு சதம்கூடப் போயிருக்காது. பிறகு என்ன கோபம்? வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு போனோம்.

இரண்டு கிழமை கழித்துப் பெர்மிட்டோடு நின்றோம். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டுப்பாடுதான் இருந்தது. வாளிக்கு மூடி, மூடிக்கு முத்திரை, ஒவ்வொன்றுக்கும் இலக்கம். நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. இன்னொரு வசூல்காரர் 25 மீற்றருக்குள் நிற்கக் கூடாது. ஆரையும் கரைச்சல்படுத்திக் கேட்கக் கூடாது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர் வாளி பிடிக்கக் கூடாது. ஆகவே மகள் வீட்டில். (அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை.) இரவு கோயில் மண்டபத்தில் இரண்டு பேர் முன்னிலையில் முத்திரை உடைத்து எண்ணினோம். பென்ஸ் குத்திகளோடு ஸ்பானிய நாணயம், கோட்டுப் பொத்தான், சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்குப் போடுகிற பிளாஸ்ரிக் வில்லை எல்லாம் வந்தன. ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைக் கவுன்சிலிடம் ஒப்படைத்தோம். பொத்தானைக் கணக்கில் காட்ட வேண்டுமா என்று கேட்டேன். அதிகாரி சிரிக்கவில்லை.

இந்த விதிகளின் வேர் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். போர்வீரர்களின் பேரைச் சொல்லித் தெருவில் காசு பறித்தவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பதற்கு 1939இல் இன்னொரு சட்டம் வந்தது. ரக்சியின் சட்டம் இவற்றுக்கெல்லாம் பாட்டன். லண்டனுக்கு வெளியே தெருவில் கைகாட்டி ஏறுகிற வண்டிகள் இன்றைக்கும் 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் ஓடுகின்றன. குதிரை போய் டீசல் வந்து, டீசல் போய் மின்சாரம் வந்துவிட்டது; சட்டம் அதுவேதான். நாங்கள் மினிகாப் என்று சொல்கிற, முன்கூட்டிப் பதிந்து ஏறும் கார்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம்.

பழைய சட்டம் என்று நான் இதைக் கேலி செய்ய வரவில்லை. அதற்குள் ஒரு நல்ல புத்தி இருந்தது: முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாய், முன்பின் தெரியாதவனின் பெட்டியில் காசு போடுகிறாய், ஆகவே உனக்குப் பதிலாக உன் ஊர்க்காரர் ஒருவர் அவனைத் தெரிந்துவைத்திருக்கட்டும். எங்களுக்கு இது புதிய விஷயமா? யாழ்ப்பாணத்தில் அம்மா சீட்டுக் கட்டியது கையெழுத்தை நம்பியல்ல, சீட்டுக்காரியின் வீட்டுப் படலை எது என்று தெரிந்ததால். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஹயர் காரில் அக்காவைத் தனியே ஏற்றிவிட்டது, சாரதியின் தகப்பனையும் தெரிந்ததால்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். பொலிஸ் பதிவுச் சோதனை, டொக்டர் பரிசோதனை, பிறகு இந்த ஊரைப் பற்றிய தேர்வு. ஊர் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு ஒரு பெண்மணி கேட்டா: ரயில் நிலையத்திலிருந்து மயானத்துக்குக் கிட்டிய வழி எது, முதியோர் இல்லத்தின் சக்கர நாற்காலி வாசல் எந்தத் தெருவில், சந்தை நாளில் எது ஒருவழி. முதல் தரம் தவறினேன். இரண்டாம் முறை போவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஊரைச் சுற்றினேன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சைக்கிள் ஓட்டம்தான் எனக்குச் சோறு போட்டது.

அந்த லைசென்ஸ் மேசைக்காரர்கள் தங்கள் வேலையைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ரொதரம் நகரம் இருக்கிறது. 1997 முதல் 2013 வரை அங்கே குறைந்தது 1,400 சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 2014இல் அலெக்சிஸ் ஜேயின் சுயாதீன விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. பிள்ளைகளை ஏற்றி இறக்கியதில் சில ரக்சிக்காரருக்குப் பெரிய பங்கு இருந்ததையும் அது எழுதிவைத்தது. அடுத்த வருடம், அரசு நியமித்த லூயிஸ் கேசி அந்த நகரின் கவுன்சிலைப் பரிசோதித்த பிறகு, அரசு ஆணையாளர்களை அனுப்பி, ரக்சி லைசென்ஸ் அதிகாரம் உட்பட அந்தக் கவுன்சிலைத் தன் கையில் எடுத்தது. அந்த நாட்களில் ரக்சிக்காரர் நாங்கள் எல்லோரும் தலைகுனிந்துதான் ஓடினோம். 2020இல் அரசு கொடுத்த நெறிமுறையில், லைசென்ஸ் கொடுப்பவர் தன்னையே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: உனக்கு வேண்டிய ஒருவரை, அவர் எந்த நிலையில் இருந்தாலும், பகலோ இரவோ, இந்த மனிதன் ஓட்டும் காரில் தனியே அனுப்புவாயா? அதைவிட நல்ல கேள்வியை எந்தச் சட்டமும் கேட்டதில்லை.

ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் எங்கே இருக்கிறார்? சாரதி, கார், பதிவு எடுக்கும் கொம்பனி மூன்றின் லைசென்சும் ஒரே கவுன்சிலுடையதாக இருந்தால் போதும், மினிகாப் நாட்டின் எந்த மூலையிலும் பயணம் ஏற்றலாம். ஒரு கொம்பனி தனக்கு வந்த பயணத்தை வேற்றூர்க் கொம்பனிக்குக் கைமாற்றவும் 2015இல் வழி திறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் லைசென்ஸ் கொடுக்கும் அமைப்புகள் 260க்கு மேல். எங்கே கெதியாகக் கிடைக்குமோ அங்கே சனம் போகும். வுல்வர்ஹாம்ரன் கவுன்சிலின் லைசென்ஸ் பிளேட்டை நாட்டின் பல நகரங்களில் காணலாம். தங்கள் சோதனைகள் ஒன்றும் குறைந்தவையல்ல என்று அவர்கள் சொல்கிறார்கள். அதை நான் மறுக்க வரவில்லை. என் மருமகனும் வெளியூர் பிளேட்டில்தான் ஓடுகிறான். எங்கள் கவுன்சில் அவனை ஏழு மாதம் காக்கவைத்தது. பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டியவன் ஏழு மாதம் சும்மா இருக்க முடியுமா? அவன் நல்ல பொடியன். ஆனால் முதியோர் இல்லத்தின் வாசல் எங்கே என்று இன்றும் எனக்குத்தான் போன் எடுக்கிறான்.

போன மாதம் எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, சாரதி கத்திக் கத்திப் போனில் கதைத்தபடி ஓட்டினானாம். இறங்கியதும் காரின் பின்னால் இருந்த பிளேட்டை எழுத்துக்கூட்டி எனக்குப் போனில் வாசித்தா. நூறு மைல் தூரத்து நகரத்தின் பேர். "தம்பி, இந்த ஊர் எங்கை கிடக்கு? அங்கை போய் ஆரிட்டைச் சொல்லுறது?"

சட்டப்படி இதற்கு ஒரு பதில் உண்டு. பயணிகளின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படத் தக்க ஏதாவது தெரிந்தால், எங்கள் கவுன்சில் அந்த ஊர்க் கவுன்சிலுக்குப் பத்து வேலைநாளுக்குள் எழுத வேண்டும். அவர்கள் இருபது வேலைநாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். 2022இல் வந்த ஒழுங்கு இது, இல்லாததைவிட நல்லது. எங்கள் பழைய அதிகாரியாக இருந்தால் அன்று பின்னேரமே ஸ்டாண்டில் வந்து நின்றிருப்பார்.

பயணம் தொடங்கும் இடமோ முடியும் இடமோ லைசென்ஸ் கொடுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று 2018இலேயே பேராசிரியர் மொகமட் அப்தெல்-ஹக் தலைமையிலான குழு அரசிடம் சொல்லிவிட்டது. 2025 ஜூனில் அதே கேசி, வெளியூர் ரக்சி ஓட்டத்தை உடனே நிறுத்த நடவடிக்கை எடுங்கள் என்று எழுதினார். எனக்கும் அதுதான் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை வைப்பேன்: ஊர்க் கவுன்சில்களும் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் தூங்கவிடக் கூடாது. வாசலைப் பூட்டிவைத்துவிட்டு, ஏன் வேலியால் பாய்ந்தாய் என்று என் மருமகனைக் கேட்பது நியாயமில்லை.

தர்மப் பெட்டியின் பக்கமும் இதே கூத்துத்தான். 1916ஆம் ஆண்டு விதிகளை மாற்ற 1992இலும் 2006இலும் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. இரண்டிலும் அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆகவே இன்றும் வாளியோடு நிற்பவர் 25 மீற்றர் அளந்து நிற்கிறார். அதே தெருவில் பளபளக்கும் மேலங்கியோடு வந்து, மாதாமாதம் வங்கியிலிருந்து கழிக்கக் கையெழுத்துக் கேட்கிற சம்பளக்காரருக்கு இந்த விதி பொருந்துமா என்பதில் தெளிவில்லை. பல கவுன்சில்கள் அவர்களோடு ஒப்பந்தம் எழுதித்தான் சமாளிக்கின்றன. வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டு வங்கி இலக்கம் அனுப்புகிறவருக்குப் பக்கத்துத் தெரு என்றே ஒன்று கிடையாது. எங்கள் சனம் இதில் பறிகொடுத்த காசைப் பற்றிப் பேசினால் பல வீடுகளில் சண்டை வரும். விதியை இளக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்களைப் பொத்தான்வரை எண்ணவைத்த அந்தக் கணக்குத் தாளை, சேர்த்தவர் ஆராக இருந்தாலும், எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

அந்த அதிகாரி ஓய்வுபெற்றுப் பல வருடம். அவருடைய மேசை இருந்த இடத்தில் இப்போது ஒரு கணினித் திரையும், வரிசை இலக்கம் தருகிற இயந்திரமும் இருக்கின்றன. போன மார்கழியில் ரயில் நிலையத்தில் அவரைக் கண்டேன். ஊன்றுகோல் வந்துவிட்டது. செயலியில் பதிந்தவர்களை ஏற்ற வந்த கார்கள் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றின் பின்பக்கமும் போய்க் குனிந்து பிளேட்டை வாசித்தார். ஐந்தாவது காரில் நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் மெல்ல நடந்து ஸ்டாண்டின் முதல் காரில் ஏறினார். ஏறுவதற்கு முன் அதன் டயரையும் ஒருமுறை பார்த்தார்.